தனித்திருக்கும் பெற்றோருக்கு ஓர் அழைப்புக் கருவி: வாங்குமுன் சிந்திக்க வேண்டியவை

காணி விடுவிக்கப்பட்டதும் முதலில் ஊருக்குத் திரும்புகிறவர்கள் பெரும்பாலும் வயதானவர்களே. 1990 இல் வலிகாமம் வடக்கிலிருந்து இடம்பெயர்ந்தவர்களிடத்திலும், 2006 இல் சம்பூரிலிருந்து இடம்பெயர்ந்தவர்களிடத்திலும் இதையே கண்டோம். பிள்ளைகளின் படிப்பு, மகனின் வேலை, கட்டி முடியாத வீடு என்று குடும்பத்தின் மற்றவர்கள் வாடகை வீட்டிலேயே தங்கிவிட, அம்மாவோ அப்பாவோ "நான் என்ரை காணியிலை போய் இருக்கிறன்" என்று புறப்பட்டுவிடுகிறார். பற்றை வெட்டி, கிணறு இறைத்து, நாலு கத்தரிக் கன்றும் நட்டுவிட்டு அங்கேயே இருந்துவிடுகிறார். அவர் அங்கிருந்து விளக்கேற்றுவதால்தான் அந்த வளவு மீண்டும் ஒரு வீடாகத் தெரிகிறது. ஆனால் இரு பக்கத்துக் காணிக்காரரும் இன்னும் திரும்பியிருக்கமாட்டார்கள். கூப்பிட்டால் கேட்கும் தூரத்தில் ஆள் இராது.

இந்த நிலையில் உள்ள பெற்றோருக்கு ஆபத்து வேளையில் உதவி கேட்க என்ன கருவி வாங்கிக் கொடுக்கலாம் என்று உங்களுட் பலர் கேட்கின்றீர்கள். அதைப்பற்றியே இப்பாடம்.

விழுவதும் கிடப்பதும்

வயதானவர்கள் விழும் இடங்கள் எமக்குத் தெரிந்தவையே: பாசி பிடித்த கிணற்றுக்கட்டு, வீட்டுக்கு வெளியே தள்ளியிருக்கும் மலசலகூடத்துக்குப் போகும் வழி, மழைக்குப் பின் வழுக்கும் முற்றம். விழுந்ததால் எலும்பு முறிவது ஒரு துன்பம். விழுந்த இடத்திலேயே நெடுநேரம் கிடப்பது அதைவிடப் பெரிய துன்பம். ஒரே பக்கமாக அழுந்திக் கிடக்கும் தசை சிதைந்து சிறுநீரகத்தைப் பாதிக்கும், தோல் புண்ணாகும், உடலில் நீர் வற்றும், நெஞ்சில் சளி கட்டிக் காய்ச்சல் வரும். விழுந்து ஒரு மணித்தியாலத்துக்கு மேல் நிலத்தில் கிடந்த முதியோரில் பாதிப்பேர், பெரிய காயம் ஏற்படாதவர்கள்கூட, ஆறு மாதங்களுக்குள் இறந்துபோயினர் என்று 1981 இல் பிரித்தானியாவில் வெளியான ஓர் ஆய்வு கூறியது. ஆகவே, விழுந்தவரிடம் எவ்வளவு விரைவில் ஒருவர் போய்ச் சேருகிறார் என்பதே இங்கு முக்கியம்.

யாரை அழைக்கும்?

மேல்நாடுகளில் 1970களிலிருந்தே இதற்கென ஒரு முறை இருந்துவருகிறது. முதியவர் கழுத்தில் ஒரு சிறு பொத்தானை அணிந்திருப்பார். அழுத்தியதும் வீட்டிலுள்ள பெட்டி தொலைபேசி வழியாக ஒரு நிலையத்தை அழைக்கும். அங்கே இரவு பகலாக இருப்பவர்கள் அவருடன் கதைத்து, உறவினரையோ நோயாளர் வண்டியையோ அனுப்புவார்கள். மாதக் கட்டணம் கட்டினால்தான் இந்தச் சேவை கிடைக்கும்.

வெளிநாட்டிலுள்ள பிள்ளைகள் அன்பு மிகுதியால் இத்தகைய கருவியை வாங்கி அனுப்பிவிடுகிறார்கள். இங்கே அதை அழுத்தினால் என்ன நடக்கும்? ஒன்றில் எதுவும் நடவாது, அல்லது கனடாவிலோ லண்டனிலோ உள்ள ஒரு நிலையத்துக்கு அழைப்புப் போகும். அந்த நிலையம் சம்பூரில் ஒரு கிணற்றடிக்கு யாரை அனுப்பும்? பணம் அனுப்ப விரும்பும் சகோதரரிடம் முதலில் இதை விளக்கிச் சொல்லுங்கள். கருவியை வாங்குமுன், எந்தச் சேவையும் இல்லாமல் உள்ளூர் சிம் அட்டையுடன் அது வேலை செய்யுமா என்று கேட்டறிய வேண்டும்.

எனவே என் ஆலோசனை இது: கடைக்குப் போவதற்கு முன், வரக்கூடியவர்களைத் தேடுங்கள். நடந்தோ சைக்கிளிலோ பதினைந்து நிமிடத்துக்குள் வந்து சேரக்கூடிய மூன்று பேர் வேண்டும். ஒருவராவது இரவில் வீட்டில் இருப்பவராக இருக்கவேண்டும். அவர்களிடம் நேரிற் போய்க் கேளுங்கள். "ஓம், நான் வருவன்" என்று அவர்கள் வாயால் சொல்லவேண்டும். எங்கள் சனத்துக்குக் கேட்காமலே எல்லாரும் ஓடிவருவார்கள் என்று நாம் நம்புகிறோம். 1990க்கு முன்னிருந்த அயல் அது. இன்றைய அயலில் பாதி வீடு பூட்டிக் கிடக்கிறது, மீதியில் வேறு ஊரவரும் குடியிருக்கிறார்கள். எல்லை வேலிக்காகக் கதை பேச்சு இல்லாத ஓர் அயலவர்தான் மிக அருகில் இருக்கிறார் என்றால், கருவி வாங்குவதை ஒரு கிழமை பிந்திப்போட்டு அந்த வேலிப் பிரச்சினையை முதலிற் கதைத்து முடியுங்கள்.

கொழும்பிலுள்ள மகனின் இலக்கம் பட்டியலில் முதலில் இருக்கக்கூடாது. அவர் செய்யக்கூடியது பக்கத்து வீட்டுக்குத் தொலைபேசி எடுப்பது மட்டுமே. மிக அருகிலுள்ளவர் முதலில், தூரத்திலுள்ளவர் கடைசியில். வருபவரிடம் வீட்டுத் திறப்பின் பிரதி ஒன்றும் இருக்கவேண்டும்.

கிடைக்கக்கூடிய கருவிகள்

மிக எளியது விசில். நூலிற் கோர்த்துக் கழுத்தில் போட்டுக்கொள்ளலாம். பற்றரி வேண்டாம், சிக்னல் வேண்டாம். கத்திக் கூப்பிடுவதற்குத் தேவைப்படும் மூச்சைவிடக் குறைந்த மூச்சே போதும். சத்தமும் தூரம் போகும். மூன்று தரம் நீட்டி ஊதினால் உதவி தேவை என்று அயலுடன் பேசி முடிவு செய்யுங்கள். இல்லாவிட்டால் யானை வந்துவிட்டது என்று நினைத்து எல்லாரும் கதவைச் சாத்திக்கொள்வார்கள். அயல்வீடு அருகில் இல்லையென்றால் விசில் மட்டும் போதாது.

அடுத்தது கம்பியில்லா அழைப்பு மணி. பொத்தானை முதியவர் வைத்திருக்க, மணிப்பெட்டி அயலவர் வீட்டில் இருக்கும். சிம் அட்டையும் மாதச் செலவும் இல்லாததால், ஓர் அயல்வீடு கிட்ட உள்ளவர்களுக்கு இதுவே நல்லது என்பது என் எண்ணம். பெட்டியில் 150 மீற்றர், 300 மீற்றர் என்று அச்சிட்டிருப்பார்கள். அது தடையற்ற வெளியில் அளந்த தூரம். கல்வீட்டுச் சுவரும் தகரமும் ஈர மரங்களும் இடையில் இருந்தால் மிகவும் குறைந்துபோகும். ஆகையால், பிடிக்காவிட்டால் திருப்பிக் கொடுக்கலாம் என்று கடைக்காரரிடம் பேசி வாங்கி, கிணற்றடியில் நின்றும் மலசலகூடத்துக்குள் நின்றும் அழுத்திப் பாருங்கள். மின் செருகியில் மாட்டும் மணிப்பெட்டி மின்வெட்டின்போது ஒலிக்காது. பற்றரியில் இயங்கும் மணிப்பெட்டியைக் கேட்டு வாங்குங்கள். பொத்தானுக்குள்ளும் ஒரு சிறு பற்றரி உண்டு. அதை ஆண்டுக்கொரு முறை மாற்றவேண்டும்.

மூன்றாவது, பெரிய எழுத்துகள் உள்ள முதியோர் கைத்தொலைபேசி. பின்பக்கத்தில் ஓர் ஆபத்துப் பொத்தான் இருக்கும். அதைச் சில விநாடிகள் அழுத்திப் பிடித்தால் தொலைபேசி சத்தமிட்டு, பதிந்து வைத்த இலக்கங்களுக்குச் செய்தி அனுப்பி, ஒன்றன்பின் ஒன்றாக அழைக்கும். இதில் ஒரு பொறி இருக்கிறது. முதல் இலக்கத்தில் ஆள் எடுக்காமல் குரற்பதிவு எடுத்துவிட்டால், யாரோ பதில் சொல்லிவிட்டார் என்று எண்ணிப் பல கருவிகள் அழைப்பதை நிறுத்திவிடுகின்றன. பட்டியலில் உள்ள எல்லா இலக்கங்களிலும் குரற்பதிவை நிறுத்திவிடுங்கள். சிம்மில் காசு முடிந்திருந்தால் செய்தியும் போகாது, அழைப்பும் போகாது. றீலோட் போடும் பொறுப்பை நகரத்திலுள்ள மகளோ மகனோ ஏற்கலாம்.

புதிது வாங்க வசதியில்லாதவர்கள் கவலைப்பட வேண்டாம். சாதாரண பொத்தான் தொலைபேசியிலேயே 2ஆம் இலக்கத்தை அழுத்திப் பிடித்தால் அயலவருக்கு அழைப்புப் போகுமாறு பதிந்து வைக்கலாம். அந்தப் பொத்தானில் நகப்பூச்சால் ஒரு சிவப்புப் பொட்டு வைத்துவிட்டால் கண் மங்கியவருக்கும் அடையாளம் தெரியும். விழுந்ததைத் தானே உணர்ந்து அழைக்கும் கைக்கடிகாரங்களும் 2018 முதல் விற்பனைக்கு வந்துள்ளன. அவற்றை அடிக்கடி சார்ஜ் செய்யவேண்டும். பெரும்பாலானவற்றுக்குத் திறன்பேசியும் அருகில் வேண்டும். கதிரையிலிருந்து மெதுவாகச் சரிந்து விழுவதை அவை பெரும்பாலும் உணர்வதில்லை. சூரிய மின்விளக்கில் இருக்கும் அம்மாவுக்கு அவை ஏற்றவையல்ல.

உடம்பில் இருக்கவேண்டும்

90 வயதைத் தாண்டியவர்களைப் பற்றி 2008 இல் இங்கிலாந்தில் வெளியான ஓர் ஆய்வில், அழைப்புக் கருவி வைத்திருந்தும் தனியே விழுந்தவர்களில் பெரும்பாலானோர் அதைப் பயன்படுத்தவில்லை என்று கண்டனர். சிலர் அதை அணிந்திருக்கவில்லை. சிலர் தாமாகவே எழும்பிவிடலாம் என்று பார்த்தனர். எமது முதியோரும் அப்படித்தான். "எனக்கென்ன மாட்டுக்கு மணி கட்டுற மாதிரிக் கட்டப் பாக்கிறியள்?" என்று கேட்பார்கள். "பாவம், அதுகளை ஏன் நித்திரையிலை எழுப்புவான்?" என்றும் சொல்வார்கள்.

மேசையில் இருக்கும் கருவி கிணற்றடியில் விழுந்தவருக்கு உதவாது. அம்மா செபமாலையை எப்போதும் கழுத்தில் அணிபவராக இருந்தால் அதனுடனேயே விசிலையோ பொத்தானையோ கோர்த்துவிடலாம். இரவில் கழற்றாமலிருக்கவும் அது உதவும். சேலைத் தலைப்பில் முடிந்துகொள்பவரும் உண்டு, சாரத்தின் மடியில் வைப்பவரும் உண்டு. எங்கே வைப்பது என்பதை அவரே முடிவு செய்யட்டும். கயிறு எதிலாவது கொளுவினால் இலகுவில் அறுந்துபோகக்கூடிய மெல்லிய நூலாக இருப்பது நல்லது. வாங்குமுன் அவரிடம் கேளாமல் கொண்டுபோய்க் கட்டிவிடும் கருவி ஒரு மாதத்தில் பெட்டகத்துக்குள் போய்விடும்.

1990 என்னும் இலக்கம்

வடக்கு மக்களுக்கு 1990 என்றால் வேறு நினைவுகள் வரும். இப்போது அது இலவச நோயாளர் வண்டிச் சேவையின் தொலைபேசி இலக்கமுமாகும். இந்திய அரசின் நன்கொடையுடன் 2016 இல் மேல், தென் மாகாணங்களில் தொடங்கிய சுவசெரிய சேவை 2018 இல் வட மாகாணத்துக்கும் வந்தது. வண்டியில் முதலுதவி தெரிந்தவர் ஒருவரும் வருவார். கட்டணம் இல்லை.

வண்டிக்கு வழி சொல்வதில்தான் எமது இடர்ப்பாடு. மீள்குடியேறிய ஊர்களில் பல வீடுகளுக்கு இலக்கமில்லை, ஒழுங்கைகளுக்குப் பெயர்ப்பலகை இல்லை. ஆகவே ஒரு மட்டையில் பெரிய எழுத்தில் எழுதி ஒரு பிரதியை வீட்டிலும் மற்றதை அயலவரிடமும் வையுங்கள்: முதியவரின் பெயர், வயது, கிராம அலுவலர் பிரிவு, அருகிலுள்ள கோவில் அல்லது குளம், பிரதான வீதியிலிருந்து எத்தனையாவது ஒழுங்கை, குடிக்கும் மருந்துகள். அழைத்தபின் ஒருவர் ரோச் லைற்றுடன் சந்தியில் நிற்கவேண்டும். பாம்பு கடித்தவருக்கும் இதே ஒழுங்குதான். அவரை நடக்கவிடாதீர்கள், கடிவாயைக் கீறாதீர்கள்.

அழுத்த முடியாத வேளை

பாரிசவாதம் வந்தவருக்குக் கையும் வாயும் ஒருங்கே விழுந்துவிடலாம். அடைப்பைக் கரைக்கும் மருந்தைப் பொதுவாக நாலரை மணித்தியாலத்துக்குள் கொடுக்கவேண்டும். மயங்கிக் கிடப்பவரும் பொத்தானை அழுத்தமாட்டார். இதற்கு எந்த மலிவுக் கருவியும் தீர்வல்ல. தினசரி அடையாளம் ஒன்றே தீர்வு. காலை ஆறு மணிக்கும் இரவு எட்டு மணிக்கும் அம்மா மகளுக்கு ஒரு மிஸ்ட் கோல் கொடுக்கட்டும். செலவில்லை. ஆறரைக்குள் வராவிட்டால் மகள் எடுப்பார். பதிலில்லையென்றால் அயலவருக்கு எடுப்பார். தொலைபேசி இல்லாத இடத்தில், காலையில் எழுந்ததும் படலையில் ஒரு துணியைக் கட்டி மாலையில் அவிழ்ப்பதையே அடையாளமாக்கலாம். பால் எடுக்க வருபவரும் பள்ளிக்கூடம் போகும் பிள்ளைகளும் அதைக் கவனிப்பார்கள்.

குழுவிற் செய்ய வேண்டியது

2021 முதல் யூலை மாதத்து நான்காம் ஞாயிறு எமது திருச்சபையில் தாத்தா பாட்டியர், முதியோர் நாளாகக் கொண்டாடப்படுகிறது. அன்று பொன்னாடை போர்த்துவதுடன் நின்றுவிடாமல், பங்கு இளைஞரும் கிராம முதியோர் சங்கத்தினரும் இருவர் இருவராகத் தனித்திருப்போர் வீடுகளுக்குப் போகலாம். மத வேறுபாடு பார்க்கவேண்டியதில்லை. பற்றரியை மாற்றி, வழி எழுதிய மட்டையைச் சரிபார்த்து, அம்மாவையோ அப்பாவையோ கிணற்றடியில் ஒரு பாயில் இருத்தி, அங்கிருந்தே அழுத்தச் சொல்லுங்கள். கையில் மணிக்கூட்டுடன் ஒருவர் அருகில் நின்று, முதலில் வருபவர் படலையைத் திறக்க எத்தனை நிமிடமாகிறது என்று குறித்துக்கொள்ளட்டும். பிறகு ஒரு நாள், முன்னறிவித்தல் இல்லாமல், இரவு எட்டு மணிக்குப் பின் அதையே மீண்டும் செய்து பாருங்கள்.