காலி மனையும் கடைக் கழிவும்



அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லி வட்டாரங்களில் புதிய மனைப்பிரிவுகளுக்குக் குறைவில்லை. 10,000 சதுர மீட்டருக்கு மேற்பட்ட மனைப்பிரிவு போடுபவர், சாலை நீங்கலாக 10 விழுக்காடு நிலத்தைத் திறந்தவெளிக்கென ஒதுக்கி, உள்ளாட்சிக்குத் தானப் பத்திரம் எழுதித் தரவேண்டும் என்பது விதி. கவனிப்பாரற்று விடப்படும் அத்தகைய இடம் குப்பைமேடாகிறது. அழுகிய தக்காளியைத் தேடி வரும் எலி, இரவில் நம் அரிசி மூட்டைக்கும் வருகிறது. ஆக, அந்த மனையால் நமக்கும் நட்டமே.

பாழிடத்தை மாற்ற முடியுமா? முடியும். அடையாற்றுக் கழிமுகத்தில் கட்டட இடிபாடுகள் கொட்டப்பட்டுக் கிடந்த 58 ஏக்கர் சீரமைக்கப்பட்டு, 2011 ஜனவரியில் தொல்காப்பியப் பூங்காவாகத் திறக்கப்பட்டது. மாணவர்களுக்கு அது ஒரு பாடசாலையாகவும் ஆயிற்று. நமக்குச் சில சென்ட் இடம் போதும். அதில் மூன்று செய்முறைகளைக் கண்கூடாகக் காட்டலாம்.

1. உரத்தொட்டி: காய்கறிக் கழிவுடன் காய்ந்த இலைச் சருகைக் கலந்து, அவ்வப்போது கிளறிவிட்டால் சுமார் இரண்டு மாதத்தில் உரமாகும். சருகு சேர்க்காவிட்டால் நீர் வடிந்து நாறும்.

2. எரிவாயுக் கலன்: 100 கிலோ காய்கறிக் கழிவிலிருந்து, நல்ல பராமரிப்பில், சுமார் 7 கன மீட்டர் வாயு கிடைக்கும். இது ஏறத்தாழ 3 கிலோ சமையல் எரிவாயுவுக்குச் சமம். அதாவது, நாள்தோறும் 100 கிலோ போட்டால் ஆறேழு நாளில் 19 கிலோ வணிக சிலிண்டர் ஒன்றின் அளவு சேரும்.

3. சூரிய மின்தகடு: ஒரு கிலோவாட் தகட்டுக்கு ஏறக்குறைய 100 சதுர அடி இடம் வேண்டும். நாளொன்றுக்குச் சராசரி 4 யூனிட் தரும். மீட்டரைப் பொதுமக்கள் பார்க்கும்படி வைத்தால், விற்பனையாளர் சொல்லும் கணக்கை நாம் காசு கொடுக்குமுன் சரிபார்க்கலாம்.

கோயம்பேடு சந்தையில் நாளொன்றுக்கு 30 டன் காய்கறிக் கழிவைக் கையாளும் எரிவாயு நிலையமே அமைக்கப்பட்டது. நிலையம் பெரிதானாலும் தொட்டி சிறிதானாலும் பாலிதீன் பையும் சணல் கயிறும் கலந்து வந்தால் வேலை கெடும். ஆகவே, பிரிக்கும் வேலை நம் கடை வாசலிலேயே நடக்கவேண்டும். 2016ஆம் ஆண்டுத் திடக்கழிவு விதிகளும் அதைக் கடமையாக்கின.

கிளைச் சங்கங்கள் செய்யவேண்டியவை:

அ) மனைப்பிரிவு வரைபடத்தைப் பார்த்து, இடம் திறந்தவெளி ஒதுக்கீடுதானா என உறுதி செய்க.

ஆ) அம்பத்தூர் 2011 முதல் சென்னை மாநகராட்சியில் உள்ளது, ஆவடி 2019இல் தனி மாநகராட்சியானது. உரிய அலுவலகத்தில் மனுக் கொடுத்து எழுத்து மூலம் அனுமதி பெறுக. நிலம் பொதுப் பயன்பாட்டுக்கே உரியது. அங்கு கடையோ கிடங்கோ போட எண்ணக் கூடாது. எதை அமைக்கலாம் என்பதை உள்ளாட்சியே முடிவு செய்யும்.

இ) தொட்டியைக் கவனிக்க ஒருவரை நியமித்து, அவர் கூலியை மாதச் சந்தாவில் சேர்க்க. ஆளில்லாத தொட்டி மீண்டும் குப்பைமேடாகும்.

எந்தச் சாதனமும் வாங்குமுன், ஒரு மாதம் கடைக் கழிவைப் பிரித்து அன்றாடம் எடைபோட்டுக் குறித்து வையுங்கள். எவ்வளவு பெரிய தொட்டி தேவை என்பதை அந்தக் குறிப்பே சொல்லிவிடும்.