கழிச்சல் மருந்து கேட்காத நோய்

கோபாலபுரத்தில் வைத்தியம் தொடங்கும் தம்பிக்கு,

உங்கள் ஊர் எல்லைச் சோதனைச் சாவடிக்கு ஒரு பக்கம் தமிழ்நாட்டின் பொள்ளாச்சி, மறுபக்கம் கேரளத்தின் கொழிஞ்சாம்பாறை. சித்தத்தையும் ஆயுர்வேதத்தையும் ஒன்றுபோல நம்பும் மக்கள் உங்களிடம் வருவார்கள். வயிற்று உப்புசம், மலச்சிக்கல், நெஞ்செரிச்சல், மாதவிலக்குக் கோளாறு என்று சொல்லிக்கொண்டு வரும் கல்லூரிப் பிள்ளைகள் சிலரிடம் சொல்லாத நோய் ஒன்று இருக்கலாம். புலிமியா என்று அதற்குப் பெயர். அடக்கமாட்டாமல் அள்ளித் தின்பார்கள். எடை ஏறிவிடுமே என்ற பயத்தில் விரலை விட்டு வாந்தி எடுப்பார்கள், பேதி மருந்து சாப்பிடுவார்கள், பட்டினி கிடப்பார்கள். பெரும்பாலோர் சாதாரண எடையில் இருப்பதால் பார்த்த மாத்திரத்தில் தெரியாது. வீங்கிய தாடை, அரித்த முன்பற்கள், விரல் மூட்டின் மேல் பல் பட்ட தழும்பு இவற்றைக் கவனியுங்கள். இப்படி வருபவர் இயற்கை வைத்தியம் கேட்டால், உடம்பைச் சுத்தம் செய்யும் சிகிச்சையை மட்டும் தொடங்கிவிடாதீர்கள்.

வாந்தி எடுக்க வைக்கும் வமனமும் பேதியாக்கும் விரேசனமும் ஆயுர்வேதத்தின் பஞ்சகர்மத்தில் முக்கியமானவை. சித்த வைத்தியத்திலும் பல நோய்களுக்குக் கழிச்சல் மருந்து முதலில் வருகிறது. அவற்றுக்கு உரிய நோய்கள் உண்டு, அதில் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை. புலிமியாவிலோ வாந்தியும் பேதியும்தான் நோயே. திரும்பத் திரும்ப வாந்தி எடுக்கும் உடம்பில் பொட்டாசியம் குறைகிறது. அது மிகவும் குறைந்தால் இதயத் துடிப்பு தாறுமாறாகி உயிரே போகலாம். அந்த உடம்புக்கு வைத்தியரும் பேதி கொடுத்தால் ஆபத்தைக் கூட்டுகிறார். திருநெல்வேலிச் சீமையில் விளையும் பேதி மருந்தான நிலாவாரையும் மூலிகைதான், ஆனால் அது வேலை செய்வது பெருங்குடலில். சோற்றின் சத்து பெரும்பகுதி அதற்கு முன்பே சிறுகுடலில் உறிஞ்சப்பட்டுவிடுகிறது. ஆகவே பேதியால் இறங்குவது பெரும்பாலும் நீரின் எடை. இரண்டு நாளில் அது திரும்பி வரும், பயமும் கூடவே வரும். இதை நோயாளிக்கு விளக்கிச் சொல்வதே பாதி சிகிச்சை.

அள்ளித் தின்பதை ஆசை என்றும் மனக்கட்டுப்பாடு இல்லாமை என்றும் வீட்டார் திட்டுவார்கள். பசியின் வேலை அது. 1944-45-இல் அமெரிக்காவின் மினசோட்டாவில் ஆன்சல் கீஸ் என்பவர் ஆரோக்கியமான 36 ஆண்களுக்கு ஆறு மாதம் அரைவயிற்று உணவு கொடுத்து ஆராய்ந்தார். அவர்களுக்கு உணவைத் தவிர வேறு நினைப்பே இல்லாமல் போயிற்று. கட்டுப்பாடு தளர்ந்ததும் சிலர் வயிறு வெடிக்கத் தின்றும் அடங்கவில்லை. எடைக் கவலை ஏதும் இல்லாதவர்களுக்கே இந்த நிலை. காலைச் சாப்பாட்டை விட்டு, மதியமும் மோரோடு நிறுத்திக்கொள்ளும் பெண் இரவில் கட்டுக்கடங்காமல் தின்பதில் வியப்பு இல்லை. அப்படியானால் இந்த நோய்க்கு இயற்கையான மருந்து வேளைக்குச் சோறு. மூன்று வேளைச் சாப்பாடு, இடையில் இரண்டு மூன்று சிறு தீனி, மூன்று நான்கு மணி நேரத்துக்கு மேல் வயிறு காயக்கூடாது. கஞ்சியோ இட்லியோ அவர்கள் வீட்டு உணவே போதும். ‘இது ஆகாது, அது ஆகாது’ என்று பத்தியம் எழுதித் தராதீர்கள். தடை செய்த உணவின் மேல்தான் அடுத்த வெறி பாயும். குணமாகும்வரை சஷ்டி, ஏகாதசி விரதங்களையும் தள்ளிவைக்கச் சொல்லுங்கள்.

‘இது வெள்ளைக்காரர் நோய், நம் ஊரில் ஏது?’ என்பார்கள். லண்டனில் ஜெரால்ட் ரசல் இதற்குப் பெயர் வைத்து விவரித்தது 1979-இல்தான், உண்மை. ஆனால் 1990-களிலேயே சென்னையில் 210 மருத்துவ மாணவர்களை ஆராய்ந்தபோது, முழு நோயாக முற்றாவிட்டாலும் உணவும் எடையும் பற்றிய உளைச்சல் 31 பேரிடம் காணப்பட்டது. பருத்த உடலை மெச்சிய பிஜித் தீவின் ஒரு பகுதிக்கு 1995-இல் தொலைக்காட்சி வந்தது. எடைக்காக வாந்தி எடுப்பதாகச் சொன்ன பள்ளி மாணவி அப்போது அங்கே ஒருவரும் இல்லை, மூன்றே ஆண்டில் நூற்றுக்குப் பதினொருவர். உங்கள் பக்கத்துக் கேரளத்திலேயே, கண்ணூர் மாவட்டத்துப் பதினெட்டு வயது மாணவி ஒருத்தி எடை கூடும் பயத்தில் உணவை ஒதுக்கி, 2025 மார்ச்சில் தலசேரியில் இறந்தாள். அது புலிமியாவின் உடன்பிறப்பான அனோரெக்சியா. எல்லைச் சாவடி இந்தப் பயத்தைத் தடுத்து நிறுத்தாது.

‘சோறு மட்டும் போட்டால் மனம் மாறுமா?’ என்று நீங்கள் கேட்கலாம். நியாயமான கேள்வி. மாறாதவர்களும் உண்டு. ஆக்ஸ்ஃபோர்டின் கிறிஸ்டோஃபர் ஃபேர்பர்ன் வகுத்த பேச்சு சிகிச்சையும் வேளைச் சாப்பாட்டில் தொடங்கித்தான் எடை பற்றிய எண்ணங்களுக்குப் போகிறது. பெரியவர்களிடம் அதிகம் சோதித்து நிறுவப்பட்ட முறை அது. ஃப்ளூஆக்ஸெட்டின் மாத்திரையும் பலருக்குத் தின்னும் வெறியைக் குறைக்கிறது. இவற்றை எதிரியாக நினைக்காதீர்கள். உறக்கம், யோகம், மூச்சுப் பயிற்சி எல்லாம் இவற்றோடு சேர்ந்தே பயன் தரும். யோகமும் எடை குறைக்கும் பயிற்சியாகத் திரிந்துவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள். வாந்திக்குப் பின் உடனே பல் தேய்க்காமல் வாயை மட்டும் கொப்பளிக்கச் சொல்லுங்கள். மயக்கம், படபடப்பு, தசைப்பிடிப்பு, வாந்தியில் ரத்தம் இவற்றில் எது தெரிந்தாலும் கஷாயம் கொடுத்துக் காத்திருக்காமல் அன்றே பாலக்காட்டுக்கோ பொள்ளாச்சிக்கோ மருத்துவமனைக்கு அனுப்புங்கள். மற்றவர்களுக்கு அரசின் மனநல உதவித் தொலைபேசியான டெலி மானஸின் எண் 14416-ஐ எழுதிக் கொடுங்கள். கட்டணம் கிடையாது, தமிழிலும் மலையாளத்திலும் பேசலாம்.