'80 சதவீதம்' என்ற கணக்கில் யார் யார்?

திருநர் குழந்தைகள் பற்றி உளவியலாளர்கள் நடத்தும் சண்டைகளில் டொரன்டோ நகரின் கென்னத் ஸக்கர் பெயர் வராமல் இருக்காது. முப்பது ஆண்டுகளுக்கு மேல் அங்கே குழந்தைகளுக்கான பாலின அடையாள சிகிச்சை மையத்தை நடத்தியவர். 2015 டிசம்பரில் மையம் மூடப்பட்டது, அவரும் வேலையிலிருந்து நீக்கப்பட்டார். அவரைப் பற்றிப் புழங்கும் நம்பிக்கைகள் இரு தரப்பிலும் உண்டு.

நம்பிக்கை: ஸக்கர் திருநர் சிகிச்சையையே எதிர்த்தவர்.

இல்லை. பிறந்த பாலோடு ஒத்துப்போகாத உணர்வு பதின்ம வயதிலும் நீடித்தவர்களை ஹார்மோன் சிகிச்சைக்கு அவர் மையமே அனுப்பிவைத்தது. சர்ச்சை சிறு குழந்தைகளைப் பற்றியது. எதிர்பால் உடைக்கும் பொம்மைக்கும் வரம்பு வையுங்கள், தன் பால் நண்பர்களோடு பழகவிடுங்கள் என்று பெற்றோருக்கு அங்கே ஆலோசனை சொல்லப்பட்டது. பிறந்த பாலோடு குழந்தை ஒத்துப்போனால் வாழ்க்கை எளிதாகும் என்பது அவர் வாதம். ஆசையாய் அணைத்துக்கொண்ட பொம்மையைப் பெற்றோரே பிடுங்கி வைப்பது அந்தக் குழந்தைக்கு என்ன சொல்லும் என்பதை அவர் போதிய அளவு எடைபோடவில்லை என்றே நினைக்கிறேன்.

நம்பிக்கை: இப்படிப்பட்ட குழந்தைகளில் 80 சதவீதம் பேர் வளர்ந்ததும் மாறிவிடுவார்கள்.

இந்த எண் கற்பனையல்ல. அந்த மையத்துக்கு வந்த 139 சிறுவர்களைப் பின்தொடர்ந்த ஆய்வு 2021இல் வெளியானது. அவர்களில் 17 பேரிடம் மட்டுமே அந்த உணர்வு நீடித்தது. ஆனால் அந்த 139 பேரில் 51 பேர், முதலில் வந்தபோதே, நோயறிதலுக்கான முழு அளவுகோலை எட்டாதவர்கள். எட்டிய 88 பேரிலும் நீடித்தவர்கள் குறைவுதான். இதையும் மறைக்காமல் சொல்ல வேண்டும்.

அந்த அளவுகோல் எப்படி இருந்தது? அமெரிக்க மனநல மருத்துவச் சங்கத்தின் நோயறிதல் கையேட்டின் நான்காம் பதிப்பில், ஐந்து அறிகுறிகளில் குறைந்தது நான்கு இருக்க வேண்டும் என்பது முதல் நிபந்தனை. 'நான் பெண்ணாக இருக்க வேண்டும்' என்று ஒரு சிறுவன் வாய்திறந்து சொல்வது அந்த ஐந்தில் ஒன்று, அவ்வளவே. அதை ஒருமுறைகூடச் சொல்லாமல், சேலை சுற்றிக்கொண்டு சிறுமிகளோடு சொப்பு வைத்து விளையாடுபவனும் உள்ளே வந்துவிட முடியும். 2013இல் வந்த ஐந்தாம் பதிப்பு அந்த விருப்பத்தைக் கட்டாயமாக்கியது. அந்தத் திருத்தத்தைச் செய்த குழுவின் தலைவர் ஸக்கரேதான்!

இன்னொரு பக்கம் 2022இல் வந்த அமெரிக்க ஆய்வு. குடும்பத்தின் ஆதரவோடு ஏற்கெனவே பெயரும் அடையாளமும் மாற்றிக்கொண்ட 317 குழந்தைகளில், சுமார் ஐந்து ஆண்டுகள் கழித்தும் 94 சதவீதம் பேர் திருநங்கையாகவோ திருநம்பியாகவோ தொடர்ந்தார்கள். இவர்கள் வேறு குழந்தைகள், வேறு தேர்வு. ஒரு ஆய்வைக் காட்டி மற்றதைப் பொய்யாக்க முடியாது. எதிரே உட்கார்ந்திருக்கும் ஒரு குழந்தைக்கு இரண்டுமே ஜாதகம் அல்ல. பெற்றோரைப் பயமுறுத்தவும் ஆசைகாட்டவும் இந்த எண்களை எடுத்து வீசுபவர்கள்மேல் எனக்குக் கோபம் வருகிறது.

நம்பிக்கை: மையத்தை நடத்திய மருத்துவமனை மன்னிப்புக் கேட்டதால் அவர் முறை சரி என்று நிரூபணமானது.

மன்னிப்பு வேறு விஷயத்துக்கு. ஒரு நோயாளியை அவர் இழிவாகப் பேசினார் என்று மையத்தைப் பற்றிய வெளி ஆய்வறிக்கை சொன்னது. அது உண்மையல்ல. பிரசுரிக்கும் முன் அதை அவரிடம் கேட்டுச் சரிபார்க்கவுமில்லை. 2018இல் மருத்துவமனை அந்தக் குறைபாட்டுக்கு மன்னிப்புக் கேட்டு, 5,86,000 கனடிய டாலர் கொடுத்தது. அவருக்கு நடந்தது அநீதி. அதற்காக அவருடைய சிகிச்சை முறைக்கு யாரும் சான்றிதழ் தந்துவிடவில்லை. மூடிய மையமும் மீண்டும் திறக்கவில்லை.

நம்பிக்கை: ஒருவரின் பாலின அடையாளத்தையோ ஈர்ப்பையோ மாற்ற முயலும் சிகிச்சைக்கு எதிரான கனடாவின் தடைச் சட்டம் உளவியலாளர்களின் வாயை அடைத்துவிட்டது.

2022 ஜனவரியில் நாடு முழுவதும் அமலுக்கு வந்த அந்தச் சட்டத்தில் தெளிவான விலக்கு இருக்கிறது. ஒருவர் தன் அடையாளத்தை ஆராய்ந்து பார்க்க உதவும் உரையாடலுக்குத் தடையில்லை. இந்த அடையாளம்தான் மேல், அதற்குத்தான் வந்து சேர வேண்டும் என்ற முன்முடிவு அதில் இருக்கக் கூடாது.