வெள்ளச் சமவெளி வரைபடமும் லிடாரும்: முக்கியக் குறிப்புகள்

புவியியல், பேரிடர் மேலாண்மை, அறிவியல் தொழில்நுட்பம் ஆகிய மூன்று பகுதிகளிலிருந்தும் கேள்வி வரக்கூடிய தலைப்பு இது. ஒரு கருத்தை முதலில் பிடித்துக்கொள்ளுங்கள்: வெள்ள வரைபடத்தில் தவறு இருந்தால், பெரும்பாலும் அது தரையின் உயரத்தை அளந்ததில்தான் இருக்கும்.

அளக்கும் முறை

• லிடார் என்பது விமானத்திலிருந்து லேசர் துடிப்புகளை அனுப்பி, அவை திரும்பிவர ஆகும் நேரத்தைக் கொண்டு தூரத்தைக் காண்பது. தூரம் = ஒளியின் வேகம் × நேரம் ÷ 2. 1,500 மீட்டர் உயரத்தில் பறக்கும்போது ஒரு துடிப்பு போய்வர 10 மைக்ரோ வினாடி ஆகும். நேரத்தில் 1 நானோ வினாடி பிசகினாலும் தூரத்தில் 15 செ.மீ. பிசகிவிடும்.

• மூன்று கருவிகள் சேர்ந்தால்தான் லிடார்: லேசர் ஸ்கேனர், ஜிபிஎஸ், விமானத்தின் சாய்வையும் திருப்பத்தையும் பதியும் ஐஎம்யூ.

• அலைநீளம் அடிக்கடி கேட்கப்படும். நில அளவைக்குப் பெரும்பாலும் 1064 நானோமீட்டர், அதாவது அண்மை அகச்சிவப்பு. இதை நீர் உறிஞ்சிவிடும். அதனால் ஆற்றின் அடித்தளம் பதிவாகாது. 532 நானோமீட்டர் பச்சை லேசர் தெளிந்த நீருக்குள் போகும். கலங்கிய ஆற்றில் அதுவும் பயன்படாது. அங்கே படகில் போய் ஆழம் அளந்து, ஆற்றின் குறுக்குவெட்டைத் தனியே சேர்க்க வேண்டும்.

• ஜிபிஎஸ் தருவது நீள்வட்டக் கோளத்திலிருந்து அளந்த உயரம். நீர் ஓடுவதோ புவியீர்ப்பைப் பொறுத்து. ஆகவே ஜியாய்டு (புவியீர்ப்புச் சமமட்டப் பரப்பு) மாதிரி கொண்டு கடல்மட்டம் சார்ந்த உயரமாக மாற்றிய பிறகே வெள்ளக் கணக்குக்குப் பயன்படுத்த வேண்டும்.

எது தரை?

• ஒரே துடிப்பின் ஒரு பங்கு மர உச்சியில் பட்டுத் திரும்பும். இன்னொரு பங்கு இலை இடுக்கு வழியே இறங்கித் தரையில் படும். கடைசியாகத் திரும்புவது பெரும்பாலும் தரை. ஆனால் அடர்ந்த நாணல் புதரில் கடைசித் துடிப்பும் தரையைத் தொடாது. தரை உள்ளதைவிட உயரமாகப் பதிவாகும். குளிர்நாடுகளில் இலையுதிர்ந்த மாதங்களில் பறப்பதற்குக் காரணம் இதுதான்.

• மரமும் கட்டடமும் சேர்ந்தது மேற்பரப்பு மாதிரி (டிஎஸ்எம்). அவற்றை நீக்கிய வெறுந்தரை, நிலப்பரப்பு மாதிரி (டிடிஎம்). வெள்ளத்துக்கு வேண்டியது இரண்டாவது.

• லிடார் பதியும் புள்ளிகளின் திரளில் ஒவ்வொரு புள்ளிக்கும் தரப்படும் வகை எண்கள்: தரை 2, கட்டடம் 6, நீர் 9.

• பாலத்தில் கவனம் வேண்டும். பாலத்தின் மேல்தளத்தை அப்படியே விட்டுவிட்டால், கணினி அதை ஆற்றுக்குக் குறுக்கே நிற்கும் அணையாக எடுத்துக்கொள்ளும். மேற்புறத்தில் இல்லாத வெள்ளம் தேங்கும். கீழ்ப்புறம் பொய்யாக வறண்டு கிடக்கும். சாலைக்கு அடியில் போகும் மதகும் இப்படித்தான். இவற்றை ஒவ்வொன்றாகத் தேடி நீரோட்டத்துக்கு வழி திறந்துவிடுவது பெரிய வேலை. இதைச் செய்யாத வரைபடத்தை நம்பக் கூடாது என்பதே என் கருத்து.

சில சென்டிமீட்டர் ஏன் முக்கியம்?

• 1,000 மீட்டருக்கு 1 மீட்டர் மட்டுமே சரியும் நிலத்தில், உயரத்தில் 30 செ.மீ. தவறினால் வெள்ள எல்லைக்கோடு 300 மீட்டர் தள்ளிப்போகும். ஒரு தெரு முழுவதும் எல்லைக்குள் வருவதும் வெளியே போவதும் இந்த 30 செ.மீட்டரில் இருக்கிறது.

• 2000 பிப்ரவரியில் எண்டெவர் விண்கலத்திலிருந்து ரேடார் மூலம் எடுத்த எஸ்ஆர்டிஎம் உயரத் தரவுக்கு வகுக்கப்பட்ட துல்லிய வரம்பு 16 மீட்டர். 2005 மே 5 அன்று ஏவப்பட்ட நம் கார்ட்டோசாட்-1, இரு கேமராக்களின் இரட்டைப் படங்களிலிருந்து உயரம் காண உதவியது. பெரிய படுகைகளை ஆராய இவை போதும். ஒரு வீட்டு வாசலில் நீர் ஏறுமா என்று சொல்ல லிடார் வேண்டும்.

• 2 அடி சமஉயரக் கோட்டுக்கு இணையான துல்லியம்: சராசரி வர்க்க மூலப் பிழை 18.5 செ.மீ. இதை 1.96 ஆல் பெருக்கினால் 95% நம்பக நிலையில் 36.3 செ.மீ.

வட கரோலினா

• 1999 செப்டம்பர் 16 அன்று அமெரிக்காவின் வட கரோலினாவில் ஃபிளாய்ட் புயல் கரையேறியது. சில நாள் முன்பு டென்னிஸ் புயலால் பெய்த மழையில் மண் ஏற்கெனவே ஊறிக் கிடந்தது. டார் ஆறு பெருகி, பிரின்ஸ்வில் ஊரைக் காத்த கரையைத் தாண்டியது. கறுப்பின மக்கள் உருவாக்கி, 1885இல் நகராக அங்கீகாரம் பெற்ற ஊர் அது. அதன் வரலாற்றையும் சேர்த்தே படியுங்கள்: தாழ்ந்த நிலம் யாருக்குக் கிடைத்தது என்ற கேள்வி வெள்ள வரைபடத்துக்குள்ளும் இருக்கிறது.

• அதன் பிறகு 2000இல் அந்த மாநிலம் வெள்ளச் சமவெளி வரைபடத் திட்டத்தைத் தொடங்கி, மாநிலம் முழுவதையும் லிடாரால் அளந்தது. துல்லிய இலக்கு கடலோர மாவட்டங்களில் 20 செ.மீ., உள்நாட்டில் 25 செ.மீ.

• 2007இல் அமெரிக்க தேசிய ஆராய்ச்சி மன்றத்தின் அறிக்கை, வெள்ள வரைபடங்களுக்கு அப்போதிருந்த தேசிய உயரத் தரவைவிடப் பத்து மடங்கு துல்லியம் தேவை என்றது. இன்று அந்நாட்டுப் புவியியல் அளவைத் துறையின் 3டெப் திட்டத்தில் குறைந்தபட்ச அளவு: சதுர மீட்டருக்கு 2 துடிப்புகள், உயரப் பிழை 10 செ.மீட்டருக்குள்.

• இங்கிலாந்து தன் லிடார் தரவை 2015 முதல் இலவசமாகத் தருகிறது.

தேர்வில் சறுக்கும் இடம்

• "நூறாண்டு வெள்ளம்" நூறாண்டுக்கு ஒருமுறை வருவதன்று. எந்த ஆண்டிலும் வர 1% வாய்ப்புள்ள வெள்ளம். 30 ஆண்டு வீட்டுக்கடன் காலத்தில் ஒருமுறையாவது வர ஏறக்குறைய 26% வாய்ப்பு.

• லிடார் வெள்ளத்தை முன்கூட்டிச் சொல்லாது. எவ்வளவு நீர் வரும் என்பதை நீரியல் சொல்லும்; அந்த நீர் எந்த மட்டம் வரை ஏறும் என்பதை நீரியக்கவியல் சொல்லும்; அந்த மட்டத்தில் எந்த நிலம் மூழ்கும் என்பதற்கே லிடார். முதன்மைத் தேர்வு விடையில் இந்த மூன்றையும் தனித்தனிப் பத்தியாக எழுதுங்கள். மதிப்பெண் அங்கேதான் இருக்கிறது.