சின்னப் பிள்ளையும் பல்வைத்தியரின் கதிரையும்



சென்ற ஆண்டு கோடைவிழா முடிந்து மண்டபத்தில் சட்டிபானை கழுவிக்கொண்டிருந்தபோது ஒரு தாய் எங்களைத் தனியாக அழைத்தார். அவருடைய மகளுக்கு அப்போது இரண்டரை வயது. மேல் முன்பற்கள் நான்கும் மண்ணிறமாகி, முரசோரத்தில் அரித்துப் போயிருந்தன. "படம் எடுக்கேக்க வாயை மூடச் சொல்லிப் பழக்கி வைச்சிருக்கிறன்" என்றார். ஒருமுறை பல்வைத்தியரிடம் போயிருக்கிறார்கள். பிள்ளை கதிரையில் ஏற மறுத்துக் கதறியிருக்கிறாள். "இவ்வளவு காலமும் பார்க்காமல் என்ன செய்தீர்கள்?" என்று அங்கே கேட்கப்பட்ட கேள்வி தாயின் மனதில் முள்ளாகத் தைத்துவிட்டது. அதன்பின் நான்கு மாதங்களாக எங்கும் போகவில்லை. இந்தக் கட்டுரையை அவருடைய சம்மதத்துடன்தான் எழுதுகின்றோம்.

முதலில் ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். இது நம் வீடுகளில் மட்டும் நடக்கும் விடயம் அல்ல. 2016 ஆம் ஆண்டு யேர்மனி முழுவதும் நடந்த ஆய்வில், மூன்று வயதுப் பிள்ளைகளில் ஏறத்தாழ 14 வீதமானோருக்குச் சூத்தைப் பல் இருந்தது. ஆகவே வெட்கப்பட்டு ஒளித்து வைக்க இதில் எதுவும் இல்லை. ஒளித்து வைப்பதால் கெடுவது பல் மட்டுமே.

சூத்தை எப்படி வருகிறது? சீனியை வாயிலுள்ள கிருமிகள் அமிலமாக்குகின்றன, அமிலம் பல்லின் மேற்படையைக் கரைக்கின்றது. பகலில் உமிழ்நீர் இதை ஓரளவு கழுவிவிடும். நித்திரையில் உமிழ்நீர் குறைந்துவிடும். சூப்பிப் போத்தலுடன் பிள்ளை உறங்கும்போது பாலோ சாறோ இனித்த தேத்தண்ணியோ மேல் முன்பற்களைச் சுற்றித் தேங்கி நிற்கும். கீழ் முன்பற்களை நாக்கு மூடிக் காப்பதால் அவை பெரும்பாலும் தப்பிவிடும். அதனால்தான் மேல் நான்கு பற்களும் முதலில் போகின்றன.

இந்த நாட்டில் இதற்காக நீதிமன்றம் வரை போயிருக்கிறார்கள் என்பது நம்மில் பலருக்குத் தெரியாது. முன்னர் குழந்தைகளுக்கென்று சீனி கலந்த கரையும் தேநீர்த்தூள் இங்கே தாராளமாக விற்கப்பட்டது. போத்தலில் அதை ஓயாமல் சூப்பிய பிள்ளைகளின் பற்கள் அழிந்தன. 1991 நவம்பர் 12 அன்று கார்ல்ஸ்ரூவிலுள்ள யேர்மன் உச்ச நீதிமன்றம் அத்தகைய வழக்கொன்றில் தீர்ப்புச் சொன்னது. தொடர்ந்து சூப்புவதால் வரும் ஆபத்தை உற்பத்தியாளர் தெளிவாக, கண்ணில் படும்படி எச்சரித்திருக்க வேண்டும் என்பதே அதன் சாரம். யேர்மன் பெற்றோரும் தெரியாமல்தான் கொடுத்தார்கள். நம்மிடையே பாலில் சீனி, ரஸ்க், சூப்பியில் தேன் என்று வேறு வழிகளால் அதே கதை நடக்கின்றது. (ஒரு வயதுக்கு முன் தேன் எந்தக் காரணத்துக்காகவும் கொடுக்கக்கூடாது, அது வேறு ஆபத்து.) நாம் வாழும் ஆஹெனும் பிறின்ரன், சொக்லேற், ஜாம் என்று இனிப்புச் செய்தே பெயரெடுத்த ஊர். கார்னிவல் ஊர்வலத்தில் பை நிறைய இனிப்புப் பொறுக்கி வராத பிள்ளை யார்?

"பாற்பல் தானே, விழுந்து முளைக்கும்" என்று அம்மம்மாமார் சொல்வார்கள். பாற்பற்கள் இருபது. முன்பற்கள் ஆறேழு வயதில் விழத் தொடங்கும் என்பது உண்மை. ஆனால் கடைவாய்ப் பாற்பற்கள் பத்துப் பன்னிரண்டு வயதுவரை இருக்க வேண்டியவை. பாற்பல்லின் மேற்படை மெல்லியது. எனவே சூத்தை வேகமாக நரம்பை எட்டிவிடும். அடியில் சீழ் பிடித்தால், உள்ளே வளர்ந்துகொண்டிருக்கும் நிரந்தரப் பல்லும் பழுதாகலாம்.

இனிப் பயத்துக்கு வருவோம். இரண்டரை வயதுப் பிள்ளைக்கு "ஐந்து நிமிடத்தில் முடிந்துவிடும்" என்பது விளங்காது. தெரியாத முகம், முகமூடி, கண்ணைக் கூசும் வெளிச்சம், மல்லாத்திப் படுக்க வைப்பது எல்லாமே அதற்குப் பயம்தான். விளங்காதபோது அது தாயின் முகத்தைப் பார்க்கும். அங்கேயும் பயம் இருந்தால் பிள்ளை தன் பயம் சரியென்றே எண்ணும். போதாக்குறைக்கு, சாப்பிடாவிட்டால் "டொக்ரரிட்டைக் கொண்டுபோய் ஊசி போடுவிப்பன்" என்று நாமே வீட்டில் வெருட்டி வைத்திருக்கிறோம். அந்த வெருட்டலை இன்றே நிறுத்துங்கள். "நோகாது, நோகாது" என்பதும் வேண்டாம். பிள்ளையின் காதில் நோ என்ற சொல் மட்டுமே நிற்கும். "மாமி உன்ரை பல்லை எண்ணிப் பார்ப்பா" என்றால் போதும். முதல்நாள் இரவிலிருந்தே பெரிய விளக்கம் சொல்லிக்கொண்டிருக்கவும் தேவையில்லை.

அந்தத் தாயிடம் நாம் கேட்டது ஒரு விளையாட்டு. ஒவ்வோர் இரவும் பிள்ளையை மடியில் மல்லாத்திப் படுக்கவைத்து, சிறு கரண்டியைக் கண்ணாடிபோல் பிடித்து, ஒன்று இரண்டு என்று பற்களை எண்ணுவது. முதலில் பொம்மைக்கு, பிறகு அம்மாவுக்கு, கடைசியில் பிள்ளைக்கு. முதல் வாரம் பொம்மையோடு சரி. மூன்றாம் வாரம் பிள்ளை தானாகவே வாயைத் திறந்தாள். பல்வைத்தியர்களிடமும் இதே வழி உண்டு. முதலில் சொல்லு, பிறகு காட்டு, அதன்பின் செய் என்ற இந்த முறையை அமெரிக்கப் பல்வைத்தியர் அடெல்ஸ்ரன் 1959 இல் எழுதிவைத்தார்.

ரேர்மின் எடுக்கும்போதே விடயத்தைச் சொல்லிவிடுங்கள். டொச் தடுமாறினால் இதைப் பார்த்து வாசிக்கலாம்: "மைன் கின்ற் ஹாற் அங்ஸ்ற். பைம் ஏர்ஸ்ரன் மால் பிற்ற நூர் கெனன்லேர்னன்." என் பிள்ளைக்குப் பயம், முதல்முறை அறிமுகம் மட்டும் போதும் என்பது பொருள். பிள்ளை உற்சாகமாக இருக்கும் காலை நேரத்தைக் கேளுங்கள், மத்தியான நித்திரை நேரம் வேண்டாம். டொச் விளங்காது என்று மூத்த பிள்ளையை மொழிபெயர்க்கக் கூட்டிப்போகாமல், தெரிந்த பெரியவர் ஒருவரைக் கேளுங்கள். தம்பி தங்கைக்குப் பல் பிடுங்கும் செய்தியைப் பத்து வயதுப் பிள்ளை சொல்ல வேண்டியதில்லை.

இந்தப் பிள்ளையை வேறொரு வைத்தியரிடம் கூட்டிப்போனார்கள். அங்கே அவளைக் கதிரையில் ஏற்றவே இல்லை. தாயும் வைத்தியரும் முழங்காலோடு முழங்கால் முட்ட எதிரெதிரே இருந்தார்கள். பிள்ளை தாயைப் பார்த்தபடி மடியில் இருந்து, மெதுவாகப் பின்னால் சாய, தலை வைத்தியரின் மடிக்கு வந்தது. கைகள் தாயின் கையில். அழுதாள்தான். அழும் வாய் திறந்த வாய் என்று வைத்தியர் சிரித்தாராம். பற்களை எண்ணியதோடு அன்றைய வேலை முடிந்தது. "குஞ்சு, வடிவாய்க் காட்டினாய்" என்று தாய் சொன்னது போதுமாக இருந்தது. இதற்குச் சொக்லேற் பரிசாகக் கொடுப்பவர்களையும் நாம் கண்டிருக்கிறோம்!

எல்லாச் சூத்தைக்கும் துளைக்கும் இயந்திரம் வேண்டும் என்றில்லை. தொடக்க நிலையில் புளோரைட் பூச்சால் நிறுத்தப் பார்க்கலாம். வெள்ளி கலந்த ஒரு திரவத்தைச் சில வைத்தியர்கள் பூசுவார்கள். சூத்தை கறுத்துவிடும், ஆனால் பரவுவது நிற்கலாம். கடைவாய்ப் பற்களுக்கு, துளைக்காமல் உருக்குத் தொப்பி போடும் ஒரு முறையும் உண்டு. ஸ்கொட்லாந்துப் பல்வைத்தியர் நோர்னா ஹோல் என்பவரின் பெயரால் அது அழைக்கப்படுகிறது. பல பற்கள் பழுதாகி, பிள்ளை எவ்வகையிலும் ஒத்துழைக்காதபோதுதான் முழு மயக்கம். 12 வயதுக்குட்பட்ட பிள்ளைக்கு வேறு வழியில்லை என்று வைத்தியர் தீர்மானித்தால், மயக்க மருந்துச் செலவைக் கிராங்கன்காசை ஏற்கும். எந்த முறையாயினும், கையொப்பம் வைக்குமுன் ஏன், எவ்வளவு செலவு, வேறு வழி உண்டா என்று கேட்பது உங்கள் உரிமை. பௌவெல்ஸ் வீதியிலுள்ள பல்கலைக்கழக மருத்துவமனையிலும் பற்சிகிச்சைப் பிரிவு இருக்கின்றது.

6 மாதம் முதல் 6 வயதுவரை ஆறு பற்பரிசோதனைகளைக் கிராங்கன்காசை தருகின்றது. 2026 தொடக்கம் இவை குழந்தை வைத்தியரின் மஞ்சள் கொப்பியிலும் பதியப்படுகின்றன. அந்தக் கொப்பியையும் காப்புறுதி அட்டையையும் மறவாமல் கொண்டுபோங்கள்.

வீட்டில், இரவுப் போத்தலை ஒரே நாளில் பறிக்க வேண்டாம். ஒவ்வோர் இரவும் கொஞ்சம் கொஞ்சமாகத் தண்ணீரைக் கூட்டி, கடைசியில் வெறும் தண்ணீராக்குங்கள். 1000 பிபிஎம் புளோரைட் உள்ள பற்பசை, இரண்டு வயதுவரை ஓர் அரிசியளவு, அதன்பின் பட்டாணிக்கடலை அளவு. முதற்பிறந்தநாளுக்கு முன் புளோரைட் குளிசை கொடுப்பவர்கள் பற்பசையைக் குழந்தை வைத்தியரிடம் கேட்டே தொடங்க வேண்டும். பிறஸைப் பிள்ளையிடம் கொடுத்தாலும், கடைசித் தீட்டு உங்கள் கையால் இருக்கட்டும். நோவுக்குக் கராம்பு எண்ணெய் தடவாதீர்கள். சின்னப் பிள்ளையின் முரசை அது எரிக்கும், விழுங்கினால் ஆபத்து. கன்னம் வீங்கிக் காய்ச்சலும் வந்தால் ரேர்மினுக்குக் காத்திராமல் அன்றே போக வேண்டும். மூச்சுவிடவோ விழுங்கவோ கஷ்டப்பட்டால் 112.

அந்தப் பிள்ளை இதுவரை நான்கு முறை போய் வந்துவிட்டாள். இரண்டு பற்களுக்குப் பூச்சு, ஒன்றுக்கு அடைப்பு. நான்காவதைக் காப்பாற்ற முடியாமல் பிடுங்கினார்கள். அன்று அழுதாள், அன்று மாலையே பொம்மைக்கும் ஒரு பல்லைப் பிடுங்கினாளாம். பொங்கல் விழாவில் எடுத்த படத்தில் அவள் முன்வரிசையில் நிற்கிறாள், வாயை நன்றாகத் திறந்துகொண்டு.