மலையில் நடந்து படித்த பாடம்

(சிவில் பிரிவு, இரண்டாம் ஆண்டு மாணவன்)



பெரிய நகரத்து ஜனங்கள் ஞாயிற்றுக்கிழமை ஆனால் ஊர் ஓரத்துக் காட்டில், மலையில் நடக்கப் போகிறார்கள். மும்பையில் சஞ்சய் காந்தி தேசியப் பூங்கா நகரத்துக்கு உள்ளேயே இருக்கிறது. அதற்குள் கன்னேரி என்ற இடத்தில் நூற்றுக்கும் மேற்பட்ட பௌத்தக் குகைகள். காட்டைப் பார்த்த மாதிரியும் ஆச்சு, சரித்திரம் படித்த மாதிரியும் ஆச்சு! நமக்குப் பக்கத்தில் அப்படி ஒன்று உண்டா என்று கேட்டால், உண்டு. மதுரைக்குச் சுமார் 25 கி.மீ. தூரத்தில், மேலூர் பக்கம் உள்ள அரிட்டாபட்டி. தமிழ்நாட்டின் முதல் பல்லுயிர் பாரம்பரியத் தலமாக 2022 நவம்பரில் அரசு அறிவித்த இடம். பரப்பு சுமார் 193 ஹெக்டேர்; நம்ம கணக்கில் ஏறத்தாழ 477 ஏக்கர்.

மழை விட்ட ஒரு ஞாயிற்றுக்கிழமை நாங்கள் நாலு பேர் விடியக்காலை பஸ்ஸில் கிளம்பினோம். கையில் ஆளுக்கு இரண்டு பாட்டில் தண்ணீர், ஒரு பாக்கெட் கடலை மிட்டாய். (2020-ல் புவிசார் குறியீடு வாங்கிய நம்ம ஊர்ச் சரக்கு. மலை ஏற இதைவிட நல்ல தீனி கிடையாது. வெயிலில் உருகாது, பசியும் தாங்கும்.)

கரிசல் காட்டில் பிறந்தவனுக்கு மழை என்றாலே கால் நினைவுதான் வரும். நாலு எட்டு வைப்பதற்குள் செருப்பில் இரண்டு கிலோ மண் ஒட்டிக்கொள்ளும். கோடையிலோ கை நுழைகிற அளவுக்கு வெடிப்பு. ஈரம் பட்டால் உப்பும், காய்ந்தால் சுருங்கும், அதனால் அஸ்திவாரத்தில் கவனம் வேண்டும் என்று பாடத்தில் படிக்கிறோம். அரிட்டாபட்டியில் எல்லாம் நேர் எதிர். பாறை தண்ணீரைக் குடிக்காது, வழிய விடும். குழியில் நின்றது சுனை ஆகிறது. வெடிப்பில் இறங்கியது மெதுவாக நடந்து மலையடியில் ஊற்றாகக் கசிகிறது. வழிந்தது முழுவதும் கண்மாய்க்குப் போகிறது. ஒரு கண்மாய் நிறைந்தால் மறுகால் (அந்தப் பக்கம் கலிங்கு என்கிறார்கள்) வழியாக அடுத்த கண்மாய்க்கு. இந்தப் பகுதியில் 7 மலைகள், 72 நீர்நிலைகள், சுமார் 200 ஊற்றுகள் என்பது அரசு சொன்ன கணக்கு. மேலே நின்று பார்த்தால் மொத்த மலையும் ஒரு கேட்ச்மென்ட் ஏரியா என்று புரிகிறது. போர்டில் படம் போட்டு வாத்தியார் ஒரு மணி நேரம் சொல்லியும் என் மண்டையில் ஏறாத விஷயம், அங்கே பத்து நிமிஷத்தில் ஏறிவிட்டது!

கழிஞ்சமலை என்ற குன்றில் இயற்கைக் குகை ஒன்று. அதன் நெற்றியில் தமிழ்ப் பிராமி கல்வெட்டுகள் இரண்டு. வயது 2000 ஆண்டுகளுக்கு மேல். சமண முனிவர்கள் தங்குவதற்காகக் குகையைச் செய்து கொடுத்தவர்களின் பெயர்கள் அதில் இருக்கின்றன. ஒன்றில் நெல்வேலி, மற்றொன்றில் இலஞ்சி என்று ஊர்ப் பெயர் வருகிறது. இரண்டும் நம்ம திருநெல்வேலிச் சீமைப் பக்கம் என்று அறிஞர்கள் சொல்கிறார்கள். அதாவது, நம்மைப் போலவே தெற்கே இருந்து கிளம்பிப் போன ஆட்கள். பஸ் மட்டும் கிடையாது! குகைக்குப் பக்கத்தில் தீர்த்தங்கரர் சிற்பமும், பிற்கால வட்டெழுத்தும் உண்டு. இன்னொரு பக்கம் பாண்டியர் காலத்துக் குடைவரைச் சிவன் கோயில். அதில் உள்ள லகுலீசர் சிற்பம் தமிழ்நாட்டில் அபூர்வமானது.

போகிறவர்கள் கவனிக்க: வெயில் ஏறுவதற்குள் இறங்கிவிட வேண்டும், பாறை சட்டியாகச் சுடும். மழைக்குப் பின் பாசி வழுக்கும், தேய்ந்த செருப்பு ஆகாது. தேனடை இருக்கிற பக்கம் சத்தம் போடாதீர்கள். ஊர்க்காரர் ஒருவரைக் கூட்டிப் போனால் நல்லது. எங்களுடன் வந்த பெரியவர்தான் பாறை முகட்டில் இருந்த வல்லூறைக் காட்டினார். லகர் வல்லூறு, ஷாகின் வல்லூறு, போனெல்லிக் கழுகு என்று மூன்று வேட்டைப் பறவைகள் அங்கே இருக்கின்றன. மொத்தம் சுமார் 250 வகைப் பறவைகள். அலுங்கு, தேவாங்கு, மலைப்பாம்பும் உண்டு. கல்வெட்டைத் தொட வேண்டாம், சாக்பீஸ் தடவிப் படிக்கவும் வேண்டாம்.

இப்போது முக்கியமான விஷயத்துக்கு வருகிறேன். இந்தத் தலத்தையும் உள்ளடக்கிய நாயக்கர்பட்டி டங்ஸ்டன் சுரங்கப் பகுதி, கிட்டத்தட்ட 5000 ஏக்கர், மத்திய அரசு நடத்திய ஏலத்தில் 2024 நவம்பரில் இந்துஸ்தான் ஜிங்க் நிறுவனத்துக்குப் போனது. மேலூர் பகுதி ஜனங்கள் ஊர் ஊராகக் கூடினார்கள். 2024 டிசம்பர் 9-ல் சட்டமன்றம் எதிர்த்துத் தீர்மானம் போட்டது. 2025 ஜனவரியில் ஆயிரக்கணக்கானோர் மதுரைக்கே நடந்து போனார்கள். அதே மாதம் 23-ல் மத்திய அரசு ஏலத்தை ரத்து செய்தது.

இதை மலை மேல் உட்கார்ந்து பேசிக்கொண்டிருந்தபோது எங்கள் மெக்கானிக்கல் நண்பன் ஒரு கேள்வி போட்டான். "ஏலே, ஒர்க்‌ஷாப்ல நான் லேத்தில பிடிக்கிற கார்பைடு டிப் டங்ஸ்டன்தாம்ல. நீ போடுற கான்கிரீட்டுக்கு ஜல்லி எங்கேருந்து வருது? மலைலேருந்துதான?"

எனக்குப் பதில் வரவில்லை. காரணம், என் அப்பா கல் குவாரியில் வேலை பார்த்தவர். நான் கட்டிய முதல் செமஸ்டர் ஃபீஸ் உடைத்த கல்லில் வந்த காசு. எங்கள் வீட்டில் காலேஜ் வாசலை மிதித்த முதல் ஆள் நான். மிதிக்க வைத்தது ஒரு மலை. ஆகவே 'கல்லே உடைக்கக் கூடாது' என்று எழுத என் கை வரவில்லை. ஆனால் எஸ்டிமேட் போடும்போது ஒரு கன மீட்டர் ஜல்லிக்கு ரேட் எழுதுகிறோமே, ஒரு ஊற்றுக்கு எந்த காலத்தில் ரேட் எழுதுவது? ரேட் புத்தகத்தில் அதற்கு வரி இல்லை. இல்லாததால் அதன் விலை பூஜ்யம் என்று ஆகிவிடுகிறது. கணக்கு அங்கேதான் தப்புகிறது என்று எனக்குத் தோன்றுகிறது.

ராத்திரி வீட்டுக்கு வந்து அப்பாவிடம் சொன்னேன். "மலையைப் பாக்கவா அம்புட்டுத் தூரம் போன?" என்று சிரித்தார். பிறகு, "என்ன கல்லுய்யா அது? வெள்ளை வரி ஓடுச்சா?" என்று கேட்டார். ஓடுச்சு என்றேன். "நல்ல கல்லுல்லா. ஏன் உடைக்காம விட்டிருக்காவ?" என்றார். சுனையை, கண்மாயை, கல்வெட்டைச் சொன்னேன். ஒன்றும் பேசாமல் கேட்டுக்கொண்டார்.

பொங்கல் லீவில் அவரைக் கழுகுமலைக்குக் கூட்டிப் போனேன். நமக்கு 20 கி.மீ. சுற்றளவில்தானே இருக்கிறது, அரிட்டாபட்டி தூரம் என்பவர்கள் அங்கிருந்தே தொடங்கலாம். எட்டாம் நூற்றாண்டில் பாண்டியர் ஒரே பாறையில் வெட்டிய வெட்டுவான் கோயில். வேலை முடியாமல் நின்றுபோனது. அப்பாவுக்குப் போர்டு படிக்கத் தெரியாது. ஓரத்தில் நின்று ரொம்ப நேரம் பார்த்துவிட்டுச் சொன்னார்: "மேலருந்து கீழ வெட்டி எறங்கியிருக்கான். ஒரு உளி தப்பி விழுந்தா முடிஞ்சு போச்சு, ஒட்ட வைக்க முடியாது பாத்துக்கோ."