சேதாரக் கணக்கு: சுரங்கக் கல்வியும் சுழற்சிப் பொருளாதாரமும்

பழைய வளையலை அழித்துப் புதிய வளையல் செய்விக்கும் வீட்டாரெல்லாம் சேதாரம் என்னும் சொல்லை நன்கறிவர். பொன்னை உருக்கித் தட்டி அராவி மெருகிடுங்கால் இழப்பாகும் சிற்றளவே சேதாரம். அஃது எத்துணைச் சிறிதாயினும் பொற்கொல்லர் அதனைக் கணக்கிட்டுக் கூறுதலும், வீட்டார் அதுபற்றி வழக்கிடுதலும் நம் நாட்டில் நாடோறும் நிகழ்வன. பட்டறையிற் சிந்திய பொடியும் வீணாவதில்லை. அம்மண்ணை விலைக்கு வாங்கி, நீரிலிட்டு அரித்து, பொன்துகள் எடுத்துப் பிழைப்பாரும் உளர். ஆயின், அப்பொன்னை முதன்முதல் நிலத்தினின்று எடுத்த காலத்து நேர்ந்த சேதாரம் எவ்வளவு? அதனைக் கணக்கிட்டவர் யார்? இவ்வினாக்களே இக்கட்டுரைக்கு வித்தாயின. தமிழ் பயிலும் யாம் சுரங்கவியலைப் பற்றி எழுதப் புகுவது துணிவுடைச் செயலே. எனினும், கல்வியானது எதனைக் கணக்கிடக் கற்பித்தல் வேண்டும் என்பது எத்துறை மாணவர்க்கும் பொதுவான வினாவாதலின், படிப்போர் பொறுத்தருள்வாராக.

சுழற்சிப் பொருளாதாரம் என்பது யாது? நிலத்தினின்று எடுத்தல், பொருளாக ஆக்குதல், பயன்படுத்துதல், எறிதல் என்னும் நான்கும் ஒரு நேர்க்கோடு போல்வன. அக்கோட்டின் இறுதியை வளைத்து முதலோடு இணைப்பதே சுழற்சி. பொருளை நெடுநாள் உழைக்குமாறு அமைத்தல், பழுது பார்த்தல், உறுப்புக்களைக் கழற்றி மீண்டும் பயன்படுத்துதல், இறுதியில் உலோகத்தைப் பிரித்தெடுத்தல், கழிவு தோன்றாவாறு முன்னரே திட்டமிடுதல் என்பன அதன் கூறுகளாம். உருக்குதல் இவற்றுட் கடைப்படியேயன்றி முதற்படி அன்று. எடுத்தலையே தொழிலாகக் கொண்ட சுரங்கக் கல்லூரியில் திருப்புதலைக் கற்பித்தல் முரணன்றோ எனின், அன்றென்பதனை ஜெர்மனி தேயத்துப் பிரைபெர்க் நகரின் வரலாறு நமக்குக் காட்டும்.

சாக்சனி நாட்டிலுள்ள அந்நகர், 1168ஆம் ஆண்டில் வெள்ளி கண்டெடுக்கப்பட்டமையால் எழுந்தது. உலையை எரிக்கவும், சுரங்கத்தின் சுவரையும் கூரையையும் தாங்கவும் மரம் வேண்டியிருந்தது. வெட்ட வெட்டச் சுற்றுப்புறக் காடுகள் அருகின. அங்குச் சுரங்கத் துறையின் தலைமை அதிகாரியாயிருந்த ஹான்ஸ் கார்ல் பான் கார்லோவிட்ஸ் என்பார், 1713ஆம் ஆண்டில் காடு வளர்ப்பைக் குறித்து ஒரு பெருநூல் வெளியிட்டார். வளரும் அளவிற்கு மேல் மரத்தை வெட்டலாகாது என்பதே அதன் சாரம். இக்காலத்தில் உலகெங்கும் பேசப்பெறும் நிலைபேற்றுக் கொள்கையை அந்நூலினின்று தொடங்கிக் கூறுவது வழக்கம். அதனை எழுதியவர் சுரங்கத்தைக் காக்க வந்தவர் என்பது ஈண்டு நோக்கத்தக்கது.

ஏழாண்டுப் போர் 1763இல் முடிந்தபோது சாக்சனி பெரிதும் நலிந்திருந்தது. சுரங்கச் செல்வத்தால் நாட்டை மீட்கக் கருதி, 1765இல் பிரைபெர்க்கில் சுரங்கக் கல்லூரியொன்று நிறுவப்பெற்றது. இன்றுவரை நிலவும் சுரங்கக் கல்லூரிகளுள் அதுவே மூத்தது என்பர். இன்று அது பல்கலைக்கழகமாய் விளங்குகின்றது. அங்கு 1863இல் பெர்டினாண்டு ரைக், தியோடர் ரிக்டர் என்னும் இருவர் துத்தநாகக் கனியத்தை ஆராய்ந்தனர். ரைக் நிறங்களைப் பகுத்தறிய இயலாதவராதலின், நிறமாலையை ரிக்டரே நோக்கினார். அதுகாறும் எவரும் கண்டிராத நீலக்கோடு ஒன்று தோன்றிற்று. அந்த அவுரி நீலத்தைக் கொண்டு புதிய உலோகத்திற்கு இண்டியம் எனப் பெயரிட்டனர். அந்நீலத்திற்கு ஐரோப்பியர் வழங்கிய பெயரோ இந்தியா என்னும் பெயரினின்று பிறந்தது. பின்னர் 1886இல் கிளெமென்ஸ் விங்க்லர் என்னும் ஆசிரியர், அண்மைச் சுரங்கமொன்றில் அகப்பட்ட கனியத்தினின்று ஜெர்மானியம் என்னும் தனிமத்தைக் கண்டார்.

இவ்விரண்டும் இன்று நம் கைகளில் உள்ளன. கைப்பேசித் திரையில் மின்சாரத்தைச் செலுத்தும் மெல்லிய ஒளிபுகு பூச்சில் இண்டியம் உளது. தொலைத்தொடர்புக்குரிய கண்ணாடி இழையில் ஜெர்மானியம் உளது. பயன் முடிந்தபின் இவை என்னாகின்றன? ஐக்கிய நாடுகளின் சுற்றுச்சூழல் திட்டம் 2011இல் வெளியிட்ட அறிக்கையொன்று 60 உலோகங்களை ஆராய்ந்தது. பயன் முடிந்த பொருள்களினின்று நூற்றுக்கு 50 பங்கிற்கு மேல் மீட்கப்படுவன 18 உலோகங்களே என்றும், நூற்றுக்கு ஒரு பங்கேனும் மீட்கப்படாதன 34 என்றும் அது கூறிற்று. இண்டியமும் ஜெர்மானியமும் அம்முப்பத்து நான்கினுள் அடங்கியவை. பொற்கொல்லரிடம் குன்றிமணி எடைக்கு வழக்கிடும் நாம், இங்கு ஏறத்தாழ முழுவதையும் சேதாரமாக விட்டுவிடுகின்றோம்.

நிற்க. சுரங்க மாணவர்க்குச் சுழற்சிக் கொள்கையை எங்ஙனம் கற்பித்தல் வேண்டும்? பாடத்திட்டத்தின் இறுதியில் ஓர் அதிகாரமாகச் சேர்த்துவிட்டால் போதாது என்பதே எம் கருத்து. இறுதி அதிகாரம் தேர்வுக்கு முன் விரைந்து படிக்கப்பட்டு மறக்கப்படும். ஒவ்வொரு பாடத்தினுள்ளும், எஞ்சியது எங்கே என்னும் வினா எழுதல் வேண்டும். அதனை மூவகையாற் கூறுவாம்.

முதலாவது, பாறை முழுவதும் பாடமாதல் வேண்டும். இக்காலத்துச் செம்புக் கனியங்கள் பலவற்றில் நூற்றுக்கு ஒரு பங்குச் செம்புதானும் இல்லை. ஆகவே அவற்றினின்று ஒரு டன் செம்பு பெற 100 டன்னுக்கு மேற்பட்ட பாறையை உடைத்து அரைக்கவேண்டும். மாணவன் எடுத்த ஒன்றை அளந்து மதிப்பெண் பெறுகின்றான். எஞ்சிய தொண்ணூற்றொன்பது நீரோடு கலந்த சேறாய்க் கரைகட்டித் தேக்கப்படுகின்றது. அச்சேற்றில் என்னென்ன உள என்று எழுதி வைத்தல் வேண்டும். துத்தநாகக் கனியத்தில் இண்டியம் இருப்பதை 1863க்கு முன் எவரும் அறியார். அதுகாறும் அது பெயரற்ற கழிவாகவே போயிற்று. நாம் இன்று ஒதுக்குவது நாளையோர்க்குக் கனியமாதல் கூடும்.

இரண்டாவது, செய்பொருளின் உள்ளமைப்பை அறிதல் வேண்டும். பாறையை நொறுக்குதல், காந்தத்தாற் பிரித்தல், நுரையில் மிதக்கவிட்டு வேண்டியதை வழித்தெடுத்தல் என்பன சுரங்க மாணவர் பண்டுதொட்டுப் பயிலும் முறைகள். இவையே பழைய மின்கருவிகளைப் பிரிக்கவும் உதவுகின்றன. ஆயின், பாறையைக் கலந்தது இயற்கை. கருவியைக் கலந்தவன் மனிதன். திருகாணியால் இணைக்க வேண்டியதனைப் பசையால் ஒட்டிவிட்டால், பின் வருபவன் அதனைக் கழற்ற இயலாது. ஆதலின் சுரங்க மாணவன் கருவி செய்வாரோடு ஒருங்கிருந்து பயிலுதல் நன்று. இம்முயற்சியின் பயன் பெரிது. பழைய அலுமினியத்தை உருக்குதற்கு வேண்டும் ஆற்றல், கனியத்தினின்று புதிதாக எடுத்தற்கு வேண்டுவதில் ஏறத்தாழ நூற்றுக்கு 5 பங்கே. கெண்ட், உப்சாலா, பிரைபெர்க் ஆகிய மூன்று பல்கலைக்கழகங்கள் கூடி இயற்கை வளத்தை நிலைபேறாக ஆளுதற்குரிய முதுகலைப் படிப்பொன்றை அமைத்தது இத்தகைய நோக்கினாலாம்.

மூன்றாவது, முடிவை முதலிற் கற்றல் வேண்டும். இதனைக் கூறுங்கால் எம் நெஞ்சு கனக்கின்றது. வேல்ஸ் நாட்டில் அபர்வான் என்னும் சிற்றூர் உளது. அங்கு நிலக்கரிச் சுரங்கக் கழிவை மலைச்சரிவில், நீரூற்றின்மேலேயே குவித்து வந்தனர். 1966ஆம் ஆண்டு அக்டோபர் 21ஆம் நாட் காலை அக்குவியல் சரிந்து ஊரின் பள்ளிக்கூடத்தின்மேல் வீழ்ந்தது. இறந்தோர் 144 பேர். அவருள் 116 பேர் சிறுவர். நிலக்கரி எடுக்கக் கற்றவர் பலர் இருந்தும், எடுத்தபின் ஒதுக்கியதைத் தம் பொறுப்பாகக் கருதினார் இலர். கழிவை எங்கு வைப்பது, சுரங்கம் மூடியபின் அந்நிலம் யாதாவது என்பவற்றை முதலாண்டிலேயே மாணவன் கற்பானாயின், அக்கல்வி உயிர் காக்கும் கல்வியாகும்.

சுழற்சி முறை பெருகினால் சுரங்கமே வேண்டாவன்றோ, பின் சுரங்கக் கல்வி எதற்கு எனச் சிலர் வினவலாம். இஃது உண்மையை முற்றும் நோக்காத வினா. பாலத்திலும் கம்பியிலும் சென்ற உலோகம் பல்லாண்டு கழித்தே திரும்பும். அதற்குள் மக்கள் தேவை மிகும். ஒவ்வோர் உருக்கிலும் சிறிது சேதாரமும் உண்டு. ஐரோப்பிய ஒன்றியம் 2024இல் இயற்றிய மூலப்பொருட் சட்டமும் இவ்விரண்டனையும் ஒருங்கு நோக்கிற்று. முதன்மையான மூலப்பொருள்களில், 2030க்குள் ஆண்டுத் தேவையின் நூற்றுக்கு 10 பங்கைத் தம் நிலத்தினின்று எடுக்கவும், 25 பங்கை மறுசுழற்சியாற் பெறவும் அது குறி வைத்தது. எனவே அகழ்தலும் வேண்டும், மீட்டலும் வேண்டும். இரண்டையும் ஒருவனே அறிந்திருத்தல் சாலச் சிறந்தது.

இவையெல்லாம் சேய்மை நாட்டுச் செய்திகள் என்று நாம் வாளாவிருத்தற்கில்லை. மைசூர் நாட்டிலிருந்த கோலார் தங்கவயலுக்கு வட ஆர்க்காடு முதலிய இடங்களினின்று தமிழர் திரள்திரளாகச் சென்று, பல தலைமுறை ஆழ்சுரங்கத்தில் உழைத்தனர். 2001ஆம் ஆண்டில் அச்சுரங்கம் மூடப்பட்டது. பொன் போயிற்று, சயனைடு கலந்து அரைத்தொதுக்கிய மண்ணோ குன்றுகளாய் நின்றது. காற்றடிக்குங்கால் அதன் தூசு, பொன்னெடுத்தவர் மக்கள் வாழும் வீடுகளின்மேற் படிந்தது. முதலில் யாம் எழுப்பிய வினாவிற்கு விடை அக்குன்றுகளே. நிலத்தின் சேதாரம் கணக்கிடப்படாமற் போகவில்லை. அதனைச் சுமந்தோர் வேறு மக்கள்.

பிரைபெர்க்கில் ஈயமும் துத்தநாகமும் எடுத்த சுரங்கத் தொழில் 1969இல் முடிவுற்றது. எனினும் கல்லூரி நிற்கின்றது. பழைய சுரங்கமொன்று மாணவர் இறங்கிப் பயிலும் வகுப்பறையாயிற்று. நிலம் கொடுத்தது தீர்ந்தபின்னும் கல்வி தீராது என்பதற்கு அதனினும் சிறந்த சான்று வேண்டுவதில்லை. நம் கல்லூரிகளில் சுரங்கவியலும் உலோகவியலும் பயிலச் செல்லும் உடன்மாணவர், எடுத்ததை மட்டுமன்றி எஞ்சியதையும் எழுதும் வழக்கத்தை மேற்கொள்வாராக. ஏனைத் துறைகளிற் பயிலும் நாமும் நம் கையிலுள்ள பழைய கருவியை எறியுமுன், அதனுள் எவ்வளவு பாறை அடங்கியுள்ளது என்று சிறிது எண்ணிப் பார்ப்போமாக.